மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது எப்படி? உடற்பயிற்சி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்கும் உடற்பயிற்சி நம் ஊரில் பெரும்பாலும் பொங்கலோடு நின்றுவிடுகிறது. ஊருக்குப் போகிறோம். நான்கைந்து நாள் சொந்தபந்தங்களோடு கழிகிறது. திரும்பி வந்தால் ஆபீஸில் தேங்கிக் கிடக்கும் வேலை. அந்த வாரமும் போகிறது. 'சரி, பிப்ரவரி ஒண்ணாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று தோன்றும்போதே ஷூ அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

ஊருக்குப் போனதில் தவறே இல்லை. நான்கைந்து நாள் நடக்காததால் உடம்புக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. சிக்கல் அதற்குப் பிறகு வருகிற வாரத்தில் இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ, எத்தனை நாள் என்றெல்லாம் கணக்குப் போட்டவர்கள், நடுவில் விட்டுப்போனால் எப்படித் திரும்புவது என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது அப்படித் திரும்பி வருவதைத்தான். ஓட்டம், எடை தூக்குவது, ஆசனம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் விட்டுப்போகிறது?

சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது வழக்கம். அதனால் பயன் இல்லை, பெரும்பாலும் அது உண்மையும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவரைச் சோம்பேறி என்று யாரால் சொல்ல முடியும்? அவராலும் இரண்டு வாரத்துக்கு மேல் வாக்கிங் போக முடியவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதல் காரணம், முடிவெடுக்கும் நேரமும் செய்யும் நேரமும் வேறு. இரவு சாப்பிட்டு முடித்து, நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது 'நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம்' என்று முடிவெடுப்பது எளிது. காலையில் கண் எரிச்சலோடு எழுந்திருக்கும்போது அந்த உற்சாகம் கூடவே எழுந்து வருவதில்லை. அமெரிக்காவில் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிச் சேர்ந்தவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறைதான் போயிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே ஜிம்மில் ஒரு தடவைக்குப் பத்து டாலர் வீதம் பத்து வருகைக்கான சீட்டு கிடைத்தது. பணம் கட்டும்போது தாங்கள் எவ்வளவு போவோம் என்பதை அவர்கள் கூடுதலாகவே எண்ணியிருந்தார்கள். 'ஒரு வருஷத்துக்குச் சேர்ந்தால் பாதி விலை' என்ற பலகையைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும்.

இரண்டாவது காரணம், முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறிச் செய்வது. பழக்கம் இல்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி அன்றே தெரியாது. மறுநாள் ஆரம்பித்து இரண்டாவது, மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும். திங்கட்கிழமை உற்சாகமாக ஐம்பது தோப்புக்கரணம் போட்டவர் புதன்கிழமை மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வலி சில நாளில் தானாகவே போய்விடும். ஆனால் 'உடற்பயிற்சி என்றால் அவஸ்தை' என்று மனதில் பதிந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. மூச்சு முட்டும் அளவுக்குச் செய்கிற பயிற்சி அந்த நேரத்திலேயே பிடிக்காமல் போகும். பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்கக் காரணம் தேடுவது மனிதர் எல்லோருக்கும் இயல்பு.

மூன்றாவது, எடையை மட்டுமே இலக்காக வைப்பது. எடை இயந்திரம் முதல் மாதத்தில் பலருக்கு அசையவே அசையாது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 முதல் 150 கலோரிதான். பூங்கா வாசல் கடையில் இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அது திரும்ப வந்துவிடும். நடைப்பயிற்சி இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மனதுக்கும் செய்கிற நன்மை பெரியது. எடையைக் குறைப்பதில் மட்டும் சாப்பாட்டின் பங்கு அதைவிட அதிகம். இது தெரியாமல் தொடங்குபவர்கள், உடம்பு உள்ளுக்குள் தேறிக்கொண்டிருக்கும்போதே 'பலன் இல்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதுதான் மிகவும் வருத்தமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம்மில் பலர் வீட்டில் யாரும் உடற்பயிற்சி செய்து பார்த்ததே இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,000-க்கும் மேற்பட்டோரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வின் முடிவுகள் 2014-ல் வந்தன. பாதிக்கும் மேற்பட்டோருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆக, நீங்கள் தொடங்குவது உங்கள் குடும்பத்துக்கே புதிய பழக்கமாக இருக்கலாம். தட்டுத்தடுமாறுவது இயல்புதான்.

படி 1: தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தீவிர மூட்டு வலி இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மயக்கமோ வருபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எந்த நேரத்தில் நடக்கலாம், சாப்பிடாமல் போகலாமா என்று கேளுங்கள். பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலமோ மிட்டாயோ இருக்கட்டும்.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்போடு சிமெண்ட் தரையில் நடந்து குதிகால் வலி வந்து நிறுத்தியவர்கள் நிறைய. விலையுயர்ந்த ஷூ தேவையில்லை. விரல்களுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, குதிகாலை நன்றாகப் பிடிக்கிற ஒன்று போதும். மாலையில் போய் வாங்குங்கள், அந்த நேரத்தில் கால் லேசாக வீங்கியிருக்கும் என்பதால் அளவு சரியாக அமையும்.

படி 2: இலக்கை ஒரு வரியில் எழுதுங்கள்

'இனி ஃபிட்டாக இருக்கப்போகிறேன்' என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என்ன செய்வேன், எந்த நாளில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு என்று ஒரே வரியில் எழுத வேண்டும்.

இங்கிலாந்தில் சாரா மில்ன் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதத்தினர் செய்தார்கள். இதய நோய் பற்றியும் பயிற்சியின் நன்மை பற்றியும் படிக்கக் கொடுத்த குழுவில் 35 சதவீதம். அந்தத் தகவல்களோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதியும் வைத்தவர்களில் 91 சதவீதத்தினர் செய்துவிட்டார்கள். அது ஒரே ஒரு வாரக் கணக்குதான், மாதக்கணக்கில் அப்படியே தொடரும் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடங்குவதற்கு அந்த ஒரு வரி எவ்வளவு உதவும் என்பது இதிலிருந்து தெரிகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஊக்கச் செய்திகளைவிட எழுதி வைத்த ஒரு வரிக்குப் பலம் அதிகம்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டுவதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுவது நல்லது. 'காலை 7.45-க்கு' என்பதைவிட 'ஸ்கூல் வேன் கிளம்பியதும்' என்பது உறுதியானது. வேன் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் திட்டம் உடையாது. எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா இதைத்தான் செய்கிறார். மகனை வேனில் ஏற்றிவிடக் கீழே வரும்போதே ஷூ போட்டுக்கொண்டு வருவார். வேன் கிளம்பியதும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை மேலே போய்விட்டால் காய்ந்த துணி, சிங்க்கில் கிடக்கும் குக்கர், அரைகுறையாகக் கிடக்கும் மாவு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடும், அன்றைக்கு நடை கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் சுமார் 57 சதவீதம், ஆண்கள் சுமார் 42 சதவீதம். காலை ஆறு முதல் எட்டு வரை அடுப்படியை விட்டு நகர முடியாத ஒருவரிடம் 'நீயும் வாக்கிங் போயேன்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் நடக்கும் அந்த இருபது நிமிடம் குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டுவதும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் யார் பொறுப்பு என்று பேசி முடிவு செய்ய வேண்டும். அதையும் அந்த ஒரு வரியோடு சேர்த்து எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

படி 3: இரண்டு அளவுகள் வைத்துக்கொள்ளுங்கள்

முழு அளவு ஒன்று, குறைந்த அளவு ஒன்று. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு அளவு என்பது நல்ல நாளில் செய்வது. குறைந்த அளவு என்பது தலைவலி, விருந்தாளி, மழை, ஆபீஸ் டென்ஷன் எல்லாம் சேர்ந்த நாளிலும் செய்ய முடிவது. ஐந்து நிமிடம் போதும். வீட்டு ஹாலில் முன்னும் பின்னும் நடந்தாலும் சரி. 'ஐந்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?' என்று கேட்கத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் முன்பு, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லியிருந்தது. 2020-ல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சிறிய நேரமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், அந்த ஐந்து நிமிடத்தால் அடுத்த நாள் நீங்கள் 'மறுபடி தொடங்க' வேண்டியிருக்காது, தொடர்ந்தால் போதும்.

முழு அளவை இப்படி ஏற்றலாம். முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், பத்து நிமிட நடை. 'இன்னும் கொஞ்சம் நடக்கலாமே' என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். அடுத்த இரண்டு வாரம் பதினைந்து நிமிடம். அப்புறம் இருபது நிமிடம், ஐந்து நாள். மூன்று மாதத்துக்குள் முப்பது நிமிடம், ஐந்து நாள் என்ற இடத்துக்கு நிதானமாக வந்துவிடலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முப்பதை ஐந்தால் பெருக்கினால் அது வந்துவிடும்.

வேகம் சரிதானா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

தசைகளுக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை வேண்டும். ஐந்தாவது வாரத்தில் இதைச் சேர்க்கலாம். கைப்பிடி இல்லாத, ஆடாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், குதிகால் தரையில் அழுந்தியிருக்கட்டும். கைகளை நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டி, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். பிறகு தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக உட்காருங்கள். பலன் அந்த மெதுவான இறக்கத்தில்தான் அதிகம். எட்டு முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, இன்னொரு எட்டு. முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அதன்பின் சுவரில் கையூன்றித் தண்டால், அதுவும் எட்டு எட்டாக. மொத்தம் பத்து நிமிடம்.

படி 4: தடைகளை முன்பே எழுதி வையுங்கள்

என்னென்ன குறுக்கே வரும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்யும். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழரைக்கே வெயில் சுடும். வைகாசி, ஆவணியில் முகூர்த்தங்கள் வரிசையாக வரும். தெருமுனை நாய்கள் எங்கும் போய்விடப் போவதில்லை. இவையெல்லாம் வருஷா வருஷம் வருகிறவை. ஒவ்வொன்றுக்கும் 'இது வந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதி வையுங்கள்.

மழை வந்தால், வீட்டு ஹாலிலோ கார் நிறுத்தும் இடத்திலோ எட்டு வடிவத்தில் நடை. வெயில் காலத்தில், சூரியன் ஏறும் முன் அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு முன் மொட்டை மாடியில். கல்யாண வீட்டுக்குப் போனால் அன்று குறைந்த அளவு மட்டும், மண்டபத்தைச் சுற்றி ஐந்து நிமிடம். நாய்த் தொல்லை இருந்தால் வழியை மாற்றுவது, அல்லது துணையோடு போவது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் காலை நடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தூங்கி எழுந்து, முதல் டீ குடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் உடம்பு இடம் கொடுத்தால் செய்யலாம், முடியாவிட்டால் குறைந்த அளவு, அதுவும் முடியாவிட்டால் ஓய்வு.

தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் அது வசதியான இடத்தில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். முதல் நாளே எட்டையும் முடிக்க நினைக்காதீர்கள். ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடத்தில் திரும்பினால் போதும்.

படி 5: விட்டுப்போனால் திரும்புவது

நிச்சயம் விட்டுப்போகும். அதைக் கணக்கில் சேர்த்தே தொடங்குங்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற எவ்வளவு காலம் ஆகிறது என்பது கேள்வி. 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறுபட்டது (12 வாரத்தைத் தாண்டும் எண்கள் கணக்கிட்டு மதிப்பிட்டவை), நடுமதிப்பு 66 நாள். ஆக '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்ற பேச்சை நம்பி, 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் உடைய வேண்டியதில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாள் தவறவிடுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு ஜிம் நிறுவனத்தின் 61,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் கேட்டி மில்க்மேன் தலைமையில் ஒரு பெரும் சோதனை நடந்து, முடிவு 2021-ல் வெளியானது. 54 விதமான ஊக்க உத்திகளை நான்கு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றுள் முதலிடம் பிடித்தது, ஒரு நாள் தவறவிட்டவர் மறுபடி வந்தால் சில சென்ட் மதிப்புள்ள சிறு பரிசு தரும் உத்தி. பரிசின் தொகை மிகச் சிறியது. திரும்பி வருவதற்கு ஒரு மரியாதை கொடுத்ததுதான் அங்கே வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன்.

இதை வீட்டில் எளிதாகச் செய்யலாம். மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு செய்த நாளில் ஒரு டிக். குறைந்த அளவு செய்த நாளில் ஒரு புள்ளி. விட்டுப்போய்த் திரும்பி வந்த நாளில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். விட்ட நாளை அப்படியே வெறுமையாக விடுங்கள், பெருக்கல் குறி போட வேண்டாம். மாத முடிவில் முதலில் சிவப்பு வட்டங்களை எண்ணுங்கள்.

திரும்பி வருகிற நாளில் குறைந்த அளவு மட்டும் செய்யுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரட்டிப்பாகச் செய்தால் மறுபடி உடம்புவலி, மறுபடி இடைவெளி. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால், நிறுத்தியபோது இருந்த அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் சாதாரணமாகச் சாப்பிட்டு, சாதாரணமாகத் தூங்கத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா வந்தவர்கள் டாக்டர் சொன்ன பிறகே ஆரம்பிக்க வேண்டும். திங்கட்கிழமைக்கோ, ஒன்றாம் தேதிக்கோ, வளர்பிறைக்கோ காத்திருக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை மாலை நினைவு வந்தால் வியாழக்கிழமை மாலையே ஐந்து நிமிடம் நடங்கள்.

படி 6: எதை அளப்பது?

எடையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அதைவிட வேகமாக மாறுகிற விஷயங்கள் உண்டு. இரண்டு மாடி ஏறியதும் மூச்சு எவ்வளவு வாங்குகிறது? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது? படுத்ததும் தூக்கம் வருகிறதா? சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அடுத்த பரிசோதனைச் சீட்டில் என்ன எண் வருகிறது? தொடங்கும் நாளில் இவற்றைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். மாத்திரை அளவை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது, மருத்துவ ஆய்வில் பிறந்தது இல்லை. அமெரிக்காவில் வயதான பெண்களிடம் ஐ-மின் லீ குழுவினர் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே 2,700 அடி நடந்தவர்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்த வித்தியாசம் பெரிதாகக் கூடவில்லை. இன்று நீங்கள் மூவாயிரம் அடி நடப்பவர் என்றால் நாலாயிரத்துக்குப் போவதே நல்ல இலக்கு.

மூன்று மாதம் ஆன பிறகு

அப்போது ஜிம், நீச்சல், ஷட்டில், சிலம்பம், சைக்கிள் என எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். நடை சலித்துவிட்டால் மாற்றுவதில் தவறில்லை. ஒரு துணை கிடைத்தால் நல்லது, ஆனால் துணை வராத நாளில் என்ன செய்வது என்பதையும் தடைப் பட்டியலில் எழுதிவிடுங்கள், நிறையப் பேர் அதில்தான் நின்றுபோகிறார்கள். முழு அளவை நாற்பது நிமிடமாகவோ ஒரு மணி நேரமாகவோ ஏற்றிக்கொள்ளுங்கள். குறைந்த அளவை மட்டும் ஏற்றாதீர்கள். நீங்கள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவராக ஆனாலும் அது ஐந்து நிமிட நடையாகவே இருக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும், வேலை மாறிய மாதத்திலும் அதுதான் கைகொடுக்கும்.